வெட்டாமல் ஒரு பட்டுப் பாவாடை: முதல்முறை தைப்பவர்களுக்கு

என் மகளுக்கு நான் தைத்த முதல் பட்டுப் பாவாடை ஒரே ஒரு தீபாவளிக்குத்தான் வந்தது. நல்ல கைத்தறித் துணி. அவள் உயரத்துக்கு மேல் 9 அங்குலம் மிச்சம் இருந்தது. கச்சிதமாக இருக்கட்டும் என்று அந்த 9 அங்குலத்தையும் கத்தரித்து எடுத்துவிட்டேன். அடுத்த ஆடிப்பெருக்குக்குப் போட்டுவிட்டால் கெண்டைக்காலுக்கு ஏறி நிற்கிறது. ஜரிகை அப்படியே மின்னுகிறது, ஆனால் பாவாடையை இனி யாருக்காவது கொடுக்கத்தான் முடியும்.

பக்கத்து வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே தன் பீரோவிலிருந்து ஒரு பழைய பாவாடையை எடுத்து விரித்தார். கரைக்கு மேலே வரிவரியாக மூன்று டக் (நீளத்தைக் குறைக்கத் துணியைப் படுக்கைவாட்டில் மடித்துத் தைப்பது) பிடித்த தடம். பெண்ணுக்கு 6 வயதில் தைத்து, ஒவ்வொரு டக்காகப் பிரித்துவிட்டு, 11 வயது வரை போட்டிருக்கிறாள். அந்தத் துணியில் கத்திரி பட்ட இடமே இல்லை. நீளம் மடிப்புக்குள் போயிருந்தது, அகலம் இடுப்பில் பிடித்த பிளீட்டுக்குள், அதாவது கொசுவ மடிப்புக்குள் போயிருந்தது. அன்றிலிருந்து நான் அந்த முறையில்தான் தைக்கிறேன். மெஷினில் நேராக ஒரு தையல் ஓட்டத் தெரிந்தால் போதும், இதைத் தைத்துவிடலாம். கழுத்து வளைவு, கை வெட்டு எதுவும் இதில் கிடையாது.

துணி

பாவாடைத் துணியைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, அது படுக்கைவாட்டில் திரும்பி உட்காருகிறது என்பது. தறியில் நீளமாக ஓடும் பாவு நூல் குழந்தையின் இடுப்பைச் சுற்றிப் போகும். குறுக்கே போகும் ஊடை நூல் மேலிருந்து கீழாக நிற்கும். அதனால்தான் தறியில் ஓரமாக விழும் ஜரிகைக் கரை பாவாடையில் காலடியில் வந்து சுற்றி ஓடுகிறது. ஆக, துணியின் பன்னா, அதாவது அகலம்தான் உங்கள் பாவாடையின் உயரம். நீங்கள் மீட்டர் கணக்கில் வாங்குவது சுற்றளவு. கடையில் 'எத்தனை மீட்டர்' என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தால் பாதிக் கணக்குதான் கையில் இருக்கும். பன்னாவை டேப் வைத்து அங்கேயே அளந்துவிடுங்கள். கரை ஒரு பக்கம் மட்டும் உள்ள துணி முதல்முறை தைப்பவருக்கு நல்லது. இரண்டு பக்கமும் கரை இருந்தால் மேல்கரை இடுப்பில் போய் ஒளிந்துகொள்ளும். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம், சேலம் என்று ஊருக்கு ஒரு நெசவு, ஒரு கனம். எங்கே வாங்கினாலும் நான்கு விஷயம் பார்ப்பேன். சில்க் மார்க் அட்டை இருக்கிறதா என்பது ஒன்று. மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-இல் வந்தது அது. பட்டு அசலா என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி, கையால் நெய்ததா என்பதற்கு அல்ல. அதற்குக் கைத்தறி முத்திரை தனியாக உண்டு. இரண்டாவது, நூல் சோதனை. வெட்டுவாயில் (துணியை வெட்டிய ஓரத்தில்) தொங்கும் நூலில் ஒன்றைப் பிடுங்கிப் பற்றவைத்தால், பட்டு தலைமுடி கருகும் வாசம் அடித்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி மணி மாதிரி கெட்டிப்படும். கடைக்காரர் முகம் சுளித்தால் வீட்டில் வந்து செய்துகொள்ளலாம்.

மூன்றாவது, கரையோரம் பொடிப்பொடியாக ஊசித் துளைகள் தெரிகின்றனவா என்று பார்ப்பது. நெய்யும்போது துணியின் அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கத் தறியில் குறுக்கே ஒரு குச்சி மாட்டுவார்கள். அதன் முனையில் உள்ள ஊசிகள் விட்ட தடம் அது. குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான்காவதுதான் தைப்பவருக்கு ரொம்ப முக்கியம்: கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இருக்கும் நல்ல காஞ்சிபுரத் துணியில், உடலுக்கு ஒரு நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் தறிக் கருவி), இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா என்று மூன்று நாடா ஓட்டி, நிறம் மாறும் இடத்தில் ஊடை நூல்களை ஒன்றோடொன்று கோத்து நெய்வார்கள். அந்தக் கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தாலோ, லேசாக இழுக்கும்போது பல் பல்லாக விரிந்தாலோ அந்தத் துணி வேண்டாம். ஓடியாடும் குழந்தை கரையை மிதிக்கும்போது முதலில் விடுவது அந்த இடம்தான்.

பருத்தியில் தைக்க ஆசைப்பட்டால் செட்டிநாட்டுக் கண்டாங்கியும் நெகமம் துணியும் பாவாடைக்கு அருமையாக நிற்கும். ஆனால் பருத்தியைத் தைக்கும் முன்பே ஒருமுறை தண்ணீரில் நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். கஞ்சி போய், சுருங்குவது சுருங்கி, சாயம் விடுவதும் தெரிந்துவிடும். பட்டை நனைக்கவே கூடாது.

அளவு

குழந்தை சாப்பிட்டு முடித்த பிறகு அளவெடுங்கள். காலையில் வெறும் வயிற்றில் எடுத்த அளவு கல்யாணப் பந்தியில் பழிவாங்கும். ஒன்றரை அங்குல அகலத்தில் ஒரு துணிப்பட்டையை, பாவாடைப் பட்டி எங்கே நிற்கும் என்று நினைக்கிறீர்களோ அங்கே கட்டிவிடுங்கள். ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பட்டை தானாக எங்கே போய் நிற்கிறதோ அதுதான் அவள் இடுப்பு. பட்டையின் சுற்றளவு ஒன்று, பட்டையின் கீழ் விளிம்பிலிருந்து கணுக்கால் எலும்பு வரை ஒன்று. இரண்டே அளவு போதும்.

ஒரு கணக்கைக் கடைசி வரை எடுத்துப் போகிறேன், உங்கள் எண்களை அதில் பொருத்திக்கொள்ளுங்கள். ஏழு வயதுப் பெண், இடுப்பு 22 அங்குலம், பட்டியின் கீழிருந்து கணுக்கால் வரை 26 அங்குலம். துணியின் பன்னா 36 அங்குலம்.

இடுப்புக்கு 1 அங்குலம் தளர்வு சேர்த்தால் 23. கொசுவம் மாதிரி நிறைவாக விழும் பாவாடைக்கு இடுப்பைப் போல 3 மடங்கு துணி வேண்டும்: 69 அங்குலம். இரண்டு முனையிலும் தையலுக்கு ஒவ்வொரு அங்குலம் விட்டால் 71. அதாவது 1.80 மீட்டர். துணி 2 மீட்டராகவே கிடைத்தால் மிச்சத்தை வெட்ட வேண்டாம், பின்பக்கம் வரும் சில பிளீட்டுகளை மட்டும் கொஞ்சம் ஆழமாகப் பிடித்து உள்ளே தள்ளிவிடலாம். இரண்டரை மடங்குக்குக் கீழே போனால் பாவாடை வற்றிப்போய்த் தெரியும்.

உயரத்தில் 36-க்கு 26 போனால் 10 அங்குலம் கூடுதல். அதில் 1 அங்குலம் மேலே பட்டிக்குள் போகும். மீதி 9 அங்குலம்தான் நம் சேமிப்பு. ஒன்றரை அங்குல ஆழத்தில் ஒரு டக் பிடித்தால் அது இருபக்கமும் சேர்த்து 3 அங்குலத் துணியை விழுங்கும். மூன்று டக், 9 அங்குலம். இந்த வயதில் குழந்தைகள் வருஷத்துக்கு ஏறக்குறைய 5, 6 சென்டிமீட்டர் வளர்கிறார்கள், அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே காலில் போகிறது. ஆக ஒரு டக்கைப் பிரித்தால் சுமார் இரண்டு வருஷம் ஓடும்.

லைனிங்குக்கு பாப்ளின் அல்லது நல்ல மல் துணி ஒன்றரை மீட்டர், 36 அங்குலப் பன்னா. சிந்தெடிக் லைனிங் விலை குறைவு என்று வாங்காதீர்கள். நம் ஊர் வெயிலில் பட்டுக்குள்ளே இன்னொரு பிளாஸ்டிக் உறை போட்ட மாதிரி ஆகும். லைனிங்கை வாங்கிய அன்றே நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். நீளத்திலும் பன்னாவிலும் சுருங்கும். அதன் பிறகு எடுப்பதுதான் அளவு.

மெஷினைத் தயார் செய்வது

வீட்டு மெஷினில் பெரும்பாலும் 14 அல்லது 16-ஆம் நம்பர் ஊசி மாட்டியிருக்கும். பட்டுக்கு அது கடப்பாரை. 11-ஆம் நம்பர் புது ஊசி போடுங்கள். பழைய ஊசியின் முனை கண்ணுக்குத் தெரியாமல் மழுங்கியிருந்தாலும் பட்டு இழையை இழுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டுவிடும். அந்தக் கோடு போகாது. வெட்டுவாய் ஓரத்தில், தையலுக்குள் மறையப்போகும் இடத்தில் இரண்டு அங்குலம் ஓட்டிப் பார்த்து, துணி சுருங்கினால் மேல்நூலின் இறுக்கத்தைக் குறையுங்கள்.

சாக்குக்கட்டியைப் பட்டில் வைக்காதீர்கள். சில நிறங்களில் மெழுகுத் தடம் தங்கிவிடுகிறது. அடையாளம் எல்லாம் நூலால்தான்: வேறு நிற நூலில் ஒரு சின்ன தையல் போட்டு, முடிச்சில்லாமல் விட்டால் பிறகு இழுத்தால் வந்துவிடும். குண்டூசியும் தையலுக்குள் மறையும் இடத்தில் மட்டும். மற்ற இடங்களில் பிடித்துக்கொள்ளத் துணி கிளிப் இருக்கிறது, அதுவும் இல்லையென்றால் தலையில் குத்தும் டிக்-டாக் கிளிப் போதும்.

பின்தையல்

இரண்டு வெட்டுவாயிலும் நூல் பிரிந்து நிற்கும். ஓவர்லாக் வசதி இருந்தால் அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஜிக்ஜாக், அதுவும் இல்லாவிட்டால் கையால் ஓரச்சுற்றுத் தையல்.

நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்க மடித்து, இரண்டு முனையையும் சேருங்கள். இங்கே எல்லோரும் செய்யும் தப்பு, மேலிருந்து தைக்கத் தொடங்குவது. மேலிருந்து வந்தால் கீழே கரை சேரும் இடத்தில் கால் அங்குலம் ஏறி இறங்கி நிற்கும், பின்னாலிருந்து பார்ப்பவர் கண்ணில் அதுதான் முதலில் படும். கரையின் கீழ் விளிம்பு, கோர்வைக் கோடு, தாழம்பூ ரேக்கு (கரைக்கு மேலே கூர்கூராக நிற்கும் வேலைப்பாடு) இருந்தால் அதன் முனைகள், இவற்றைக் கையால் ஓட்டுத்தையல் போட்டுப் பொருத்திவிட்டு, கீழிருந்து மேலே தையுங்கள். 1 அங்குலம் உள்ளே தள்ளி. ஜரிகை மேல் போகும்போது மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஊசி முறியாது. மேலே 5 அங்குலம் தைக்காமல் விடுங்கள், போட்டுக் கழற்றத் திறப்பு வேண்டுமே. திறப்பின் இரு ஓரத்தையும் உள்ளே மடித்து எம்மிங் (வெளியே தெரியாத சின்னக் கைத்தையல்) செய்துவிடுங்கள்.

கீழ் விளிம்பை மடித்துத் தைக்க வேண்டியதில்லை. தறியிலிருந்து வந்த விளிம்பு அது, தானாகப் பிரியாது.

டக்

பல தையற்கடைகளில் டக்கை முதலில் தட்டையாக அடித்துவிட்டுப் பிறகுதான் பின்தையல் போடுவார்கள். வேகமான வேலை. ஆனால் பிரிக்கும் நாளில் பின்தையலையும் சேர்த்துப் பிரித்தால்தான் டக் விடும். நாம் பின்தையலை முடித்துவிட்டதால் டக் பாவாடையைச் சுற்றி ஒரே வளையமாக ஓடும், எப்போது வேண்டுமானாலும் தனியாகப் பிரிக்கலாம்.

கரையும் ரேக்குமாகச் சேர்ந்து கீழிருந்து 7 அங்குலம் என்று வையுங்கள். முதல் டக்கின் மடிப்பு விளிம்பு ரேக்கின் முனையிலிருந்து 1 அங்குலம் மேலே தொங்க வேண்டும், அதாவது 8-இல். டக்கின் ஆழம் ஒன்றரை அங்குலம் என்பதால் தையல் 9½-இல் வரும். ஆகவே கீழிருந்து 9½ அங்குலத்தில் ஒரு நூல் அடையாளம், 12½-இல் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் நடுவில் உள்ள 3 அங்குலம் மடிப்பாக வெளியே வரும். அதைக் கீழ்நோக்கிப் படியவையுங்கள். இரண்டாவது டக்குக்கு 14½, 17½. மூன்றாவதற்கு 19½, 22½. தைத்து முடித்தால் டக்குகளுக்கு இடையே அரை அங்குல இடைவெளி விட்டு, அடுக்கடுக்காக ஒன்றின் மேல் ஒன்று நிற்கும். பார்ப்பவர்கள் அழகுக்கு வைத்தது என்றுதான் நினைப்பார்கள்.

உடலில் புட்டா இருந்தால் இந்த எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். மயிலின் கழுத்து டக்குக்குள் போய் வால் மட்டும் வெளியே நின்றால் பார்க்கச் சகிக்காது. அரை அங்குலம், முக்கால் அங்குலம் மேலே கீழே நகர்த்துங்கள். ஒரு டக் சிறிதாகவும் இன்னொன்று பெரிதாகவும் இருந்தாலும் மொத்தம் 9 வந்தால் சரி. கோர்வைக் கோடு மட்டும் எந்த டக்கின் மடிப்பிலும் விழக் கூடாது.

டக்கை நான் கையால்தான் தைக்கிறேன். மூன்று சுற்று, ஒவ்வொன்றும் 69 அங்குலம் என்றால் மொத்தம் 5 மீட்டருக்கு மேல் கைத்தையல். இரண்டு மாலை வேலை. மெஷின் தையல் பிரித்தால் பட்டில் வரிசையாகத் துளை நிற்கும். மெல்லிய ஊசியில், கால் அங்குலத்துக்கு ஒன்றாக ஓட்டுத்தையல் போட்டு, மூன்று அங்குலத்துக்கு ஒருமுறை பின்தள்ளி ஒரு தையல் போட்டுக்கொண்டே போனால் உறுதியாகவும் இருக்கும், பிரித்தால் தடமும் குறைவு. பொறுமை இல்லையென்றால் மெஷினிலேயே தையல் நீளத்தைப் பெரிதாக்கி அடியுங்கள். உலகம் முழுகிவிடாது.

லைனிங்

இதற்கும் அதே கணக்குதான், சுற்றளவு மட்டும் குறைவு. கழுவிய துணியில் 49 அங்குல நீளம் எடுத்து, பன்னாவையே உயரமாக வைத்து, பின்தையல் போட்டு, மேலே 5 அங்குலம் திறப்பு விடுங்கள். கீழே ஒன்றரை அங்குலம் மடித்து அடியுங்கள். மூன்று டக் பிடியுங்கள், இங்கே தாராளமாக மெஷினில். லைனிங் பட்டைவிட ஒன்றரை அங்குலம் மேலே நிற்க வேண்டும். சுருங்கியதில் பன்னா குறைந்திருந்தால் டக்கின் ஆழத்தில் சரிக்கட்டுங்கள். லைனிங்குக்கு டக் வைக்க மறந்தவர்கள், இரண்டு வருஷம் கழித்து வெளிப்பாவாடையை இறக்கும்போது உள்ளே முழங்காலோடு நிற்கும் லைனிங்கைப் பார்த்து நொந்துகொள்வார்கள். எனக்கு நடந்தது.

பிளீட்

பாவாடையின் மேல் ஓரத்தில், திறப்பின் ஒரு முனையில் தொடங்கி நூல் அடையாளம் போடுங்கள்: 1 அங்குலம், 2 அங்குலம், 1 அங்குலம், 2 அங்குலம் என்று மாற்றி மாற்றி. 1 என்பது வெளியே தெரியும் முகம், 2 என்பது உள்ளே ஒளியும் துணி. இரண்டு அங்குலத் துண்டின் முடிவைப் பிடித்து அதன் தொடக்கத்தில் கொண்டு வந்து வைத்தால் ஒரு பிளீட். 69 அங்குலத்துக்கு 23 பிளீட், எல்லாம் ஒரே பக்கம் பார்த்து. ஒவ்வொன்றையும் பிடித்தவுடன் கையால் இரண்டு ஓட்டுத்தையல் போட்டுவிடுங்கள். கிளிப்பை நம்பி 23-ஐயும் பிடித்துவிட்டுத் தூக்கினால் பாதி சரிந்துவிடும், பட்டு வழுக்கும்.

முடித்ததும் கட்டாயம் மேல் ஓரத்தை அளந்து பாருங்கள். ஒரு பிளீட்டில் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தப்பினால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் 23 பிளீட்டில் அது ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். இடுப்பில் நிற்குமா நழுவுமா என்பது அதில் இருக்கிறது. கூடவோ குறையவோ இருந்தால் ஒரே பிளீட்டில் சரி செய்யாமல், ஐந்தாறு பிளீட்டுகளில் பங்கிட்டுக் கொடுங்கள்.

பிளீட்டைக் கீழ்வரை இஸ்திரி போட்டு அழுத்தாதீர்கள். பள்ளிச் சீருடை மாதிரி ஆகிவிடும். மேலே மூன்று, நான்கு அங்குலம் மட்டும் படியவைத்தால் போதும். கைத்தறிப் பட்டுக்கு ஒரு விறைப்பு உண்டு. அதை அதன் போக்கில் விட்டால் குழந்தை சுற்றும்போது பாவாடை குடையாக விரியும்.

லைனிங்கின் மேல் ஓரத்தைச் சுருக்கு நூல் போட்டு இழுத்து 23 அங்குலத்துக்குக் கொண்டுவாருங்கள். பட்டின் உள்பக்கமும் லைனிங்கும் பார்க்கும்படி வைத்து, இரண்டையும் முக்கால் அங்குலம் உள்ளே தள்ளி ஓட்டுத்தையலில் இணையுங்கள். இது தற்காலிகம். பட்டி வைப்பதற்கு முன் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

போட்டுப் பார்ப்பது

இதைத் தள்ளிப்போடாதீர்கள், பட்டி ஏறிய பிறகு திருத்துவது இரட்டை வேலை. ஒன்றரை அங்குல எலாஸ்டிக்கை இடுப்பில் மாட்டி, பாவாடையின் மேல் ஓரத்தை அதற்குள் 1 அங்குலம் செருகிவிடுங்கள். வெறுங்காலோடு நிற்கச் சொல்லி, நீங்கள் தரையில் உட்கார்ந்து கரையைச் சுற்றிலும் பாருங்கள்.

குழந்தைகளுக்கு வயிறு கொஞ்சம் முன்தள்ளி இருக்கும். அதனால் முன்பக்கக் கரை அரை அங்குலம் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் தரையைத் தொடும். கீழே எதுவும் செய்யக் கூடாது, கரையில் கை வைத்தால் போச்சு. திருத்தம் எல்லாம் மேலேதான். முன்பக்கம் பட்டிக்குள் 1 அங்குலம் போவதற்குப் பதில் அரை அங்குலம் மட்டும் போகட்டும், பக்கவாட்டில் படிப்படியாக ஏறி பின்பக்கம் 1 அங்குலமாக முடியட்டும். மேலே 1 அங்குலம் விட்டதே இதற்காகத்தான். புதிய தையல் கோட்டை நூலால் அடையாளம் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் அவளைச் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள். கோலம் போடுவது போலக் குனியச் சொல்லுங்கள். மாடிப்படி இருந்தால் இரண்டு தடவை ஏறி இறங்கட்டும். ஏறும்போது கரை காலில் சிக்கினால் நீளம் அதிகம். தரையைத் தொட்டுக்கொண்டு இருந்தால்தான் அழகு என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். மண்டபப் படியில் விழுவது பாட்டியல்ல, கணுக்கால் எலும்பு தெரிய நிற்பதே சரி. நீளத்தைக் குறைக்க வேண்டுமென்றால் மேல் டக்கை இன்னும் கால் அங்குலம் ஆழமாக்குங்கள், அரை அங்குலம் ஏறிவிடும்.

பட்டி

பட்டியைப் பட்டில் வைக்கத் தேவையில்லை. சட்டை மூடிவிடும், தோலுக்கும் பருத்திதான் சுகம். லைனிங்கில் மிஞ்சிய துணியில் 25½ அங்குல நீளம், 4 அங்குல அகலத்தில் ஒரு பட்டை. தைத்து முடித்தால் அகலம் ஒன்றரை, நீளம் 24½ வரும். இதில் 23 பாவாடைக்கு, மிச்சம் ஒன்றரை அங்குலம் ஒரு முனையில் நாக்கு மாதிரி நீண்டு, கொக்கி மாட்ட இடம் தரும்.

பட்டியின் நல்ல பக்கத்தைப் பாவாடையின் நல்ல பக்கத்தில் வைத்து, அடையாளம் செய்த கோட்டிலேயே மெஷினில் ஓட்டுங்கள். இங்கே மட்டும் 14-ஆம் நம்பர் ஊசிக்கு மாறுங்கள். மூன்று அடுக்குப் பட்டு, லைனிங் சுருக்கம், பட்டி எல்லாம் சேர்ந்த தடிமன் இது, 11 வளைந்துவிடும். பிளீட்டின் மடிப்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தத் திசையிலேயே தைத்தால் துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் ஃபுட் மடிப்பைக் கிளப்பாது. பிறகு பட்டியை மேலே திருப்பி, அரை அங்குலம் உள்மடித்து, உள்பக்கம் கையால் எம்மிங் செய்யுங்கள். பின்பக்கம் கூடுதலாக நிற்கும் பட்டுத் துணியை வெட்டாமல் பட்டிக்குள்ளேயே அடக்கிவிடுங்கள்.

நாடா போடலாமா என்று கேட்பார்கள். வளர்ந்த பெண்களுக்குச் சரி. சின்னக் குழந்தைக்கு மெல்லிய நாடாவை இறுக்கிக் கட்டினால் இடுப்பில் தடம் விழுந்து கறுத்துப்போகிறது. தளர்த்தினால் அவிழ்கிறது. இரண்டு கொக்கி வைத்து, நாக்கில் வளையங்களை இரண்டு வரிசையாக வையுங்கள்: ஒன்று 23-இல் பூட்டும்படி, மற்றது 1 அங்குலம் தள்ளி 24-இல் பூட்டும்படி. அதற்கு மேல் இடுப்பு வளர்ந்தால் பட்டியை மட்டும் மாற்றி, பிளீட்டைக் கொஞ்சம் ஆழம் குறைத்துப் பிடித்தால் ஆயிற்று.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பட்டியே வேண்டாம், பாடி வைத்துவிடுங்கள். அந்த வயதில் இடுப்பு என்று ஒன்று தனியாகக் கிடையாது, கனமான பட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். கையில்லாத பருத்திச் சட்டை மாதிரி ஒரு மேல்பாகம், மார்பளவுக்கு 2 அங்குலம் தளர்வு, பின்னால் பட்டன். பழைய பெட்டிகோட் ஒன்றின் மேல்பாதியை வைத்து வெட்டிக்கொள்ளலாம். அதன் கீழ் ஓரத்தில் பிளீட் பிடித்த பாவாடையை இணைத்தால் எடை முழுவதும் தோளில் நிற்கும். பாடி ஒரு வருஷத்தில் சிறிதாகிவிடும், பிரித்துவிட்டு வேறு பாடி வைப்பீர்கள். போவது அரை மீட்டர் பருத்தி.

அம்மாவின் பழைய சேலையிலிருந்து தைக்கலாமா என்றால், தாராளமாக. முதலில் பல வருஷம் மடிந்து கிடந்த இடங்களை வெளிச்சத்தில் பாருங்கள். மடிப்புக் கோட்டில் இழை விட்டிருந்தால் அந்தப் பகுதி பிளீட்டைத் தாங்காது. சேலையின் பன்னா 45 அங்குலத்துக்கு மேல் இருக்கும் என்பதால் சின்னப் பெண்ணுக்கு டக் ஆறேழு வந்துவிடும், கனம் தாங்காது. பத்து வயதுக்கு மேல் உள்ளவளுக்கே அது பொருந்தும்.

கடைசி வேலைகள்

நூல் அடையாளங்களை எல்லாம் இழுத்து எடுங்கள். இஸ்திரியைப் பட்டு சூட்டில் வைத்து, உள்பக்கம் திருப்பி, மேலே ஒரு வெள்ளைப் பருத்தித் துணி போட்டுத் தேயுங்கள். ஜரிகை மேல் நேரடியாகச் சூடு படக் கூடாது. தண்ணீர் தெளிக்காதீர்கள், பட்டில் சொட்டுச் சொட்டாகத் தடம் நிற்கும்.

விழா முடிந்து கழற்றியதும் அப்படியே மடித்துப் பீரோவில் வைத்தால் வேர்வை ஜரிகையைக் கறுக்க வைக்கும். நிழலில், காற்றில் ஒரு நாள் தொங்கவிட்டு, மல் துணியில் சுற்றி வையுங்கள். பூச்சி உருண்டை துணியில் படாமல் இருக்கட்டும். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள்.

டக் பிரிக்கும் நாள் வந்தால் எப்போதும் மேல் டக்கிலிருந்து தொடங்குங்கள். கீழ் டக்கை முதலில் விட்டால் பழைய மடிப்புத் தடம் கரைக்குப் பக்கத்திலேயே, எல்லோர் கண்ணிலும் படும். மேலே இருப்பது சட்டைக்குக் கீழே பிளீட்டுகளுக்கு நடுவில் மறைந்துபோகும். உள்பக்கமிருந்து ஒன்று விட்டு ஒன்றாகத் தையலை அறுத்து, நூலை இழுத்து எடுங்கள். மடிப்புக்குள் இருந்த பட்டு மட்டும் புதிதாக, கொஞ்சம் அடர்ந்த நிறத்தில் இருக்கும். இரண்டு முறை போட்டுக் காற்றாட விட்டால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகும், போகாவிட்டால் அந்தக் கோட்டின் மேல் மெல்லிய ஜரிகை லேஸ் ஒன்றைக் கையால் ஓட்டிவிடுங்கள். லைனிங்கிலும் ஒரு டக்கைப் பிரிக்க மறக்காதீர்கள்.